காரைக்கால் பண்பலை: ஒலிச்செயலாக்கக் கருவிகளும் பழுதறி மரபும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் வானொலி குறித்த ஆய்வுகள் நிகழ்ச்சிகளையும் அவற்றை நிகழ்த்தியோரையும் முதன்மைப்படுத்தி வந்துள்ளன. ஒலிப்பதிவு அறைக்கும் அலைக்கோபுரத்திற்கும் இடையில், இரும்புச் சட்டகத்தில் அடுக்கப்பட்டு, கேட்போரைச் சென்றடையும் ஒலியின் அளவைத் தீர்மானிக்கும் கருவிகள் ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை. இக்கட்டுரை காரைக்கால் பண்பலை ஒலிபரப்பின் சூழலை மையமாகக் கொண்டு, அத்தகைய கருவிகள் உருவான வரலாற்றையும் அவற்றைச் சோதித்துப் பழுது காணும் முறையையும் ஆராய்கிறது. பேச்சையும் மேலையிசையையும் அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்ட அளவைமுறைகள் நாகசுரமும் தவிலும் ஒலிக்கும் காவிரிக் கடைமடையில் பொருந்தாத இடங்கள் உண்டு என்பதும், அவ்விடங்களில் கருவியைச் சரிசெய்வது இசை பற்றிய முடிவாகவே ஆகிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: காரைக்கால், பண்பலை, ஒலிச்செயலி, மட்டுப்படுத்தி, முன்மிகைப்பு, தவில், பழுதறிதல்

முன்னுரை

சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று உருவாக்கிய மதராஸ் மாகாண வானொலிக் கழகம் 1924 ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் நெருக்கடியால் 1927 இல் அது நின்றது. அதன் ஒலிபரப்பியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் தன் பொறுப்பில் நிகழ்ச்சிகளை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 இலும் தோன்றின. இவ்வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. பாடியவர், நாடகம் எழுதியவர், செய்தி வாசித்தவர் ஆகியோரின் பெயர்கள் ஓரளவு கிடைக்கின்றன. ஒரு பாடகரின் குரல் ஒலிவாங்கியில் நுழைந்தபின் எந்தெந்தக் கருவிகளின் வழியே சென்றது, அங்கே அதன் ஏற்ற இறக்கம் எவ்வளவு குறைக்கப்பட்டது, ஓசையில் குறை நேர்ந்தபோது யார் எப்படிக் கண்டுபிடித்தார் என்னும் வினாக்கள் கேட்கப்படவே இல்லை. கச்சேரி விமரிசனத்தில் பாடகரின் சாரீரம் பற்றி ஒரு பத்தி எழுதும் மரபில், அந்தச் சாரீரத்தை வானொலியில் கேட்டவர் உண்மையில் கேட்டது எதை என்று நிறுத்திக் கேட்டவர் மிகக் குறைவு.

கடைமடைக்கு வந்த பண்பலை

1739 இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. நிர்வாகத்தில் அது புதுச்சேரியின் ஒரு பகுதி. நிலத்தாலும் நீராலும் அது தஞ்சைச் சமவெளியின் கடைமடை. தலைநகரான புதுச்சேரி வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்க, சுற்றிலும் தமிழ்நாட்டு ஊர்களும் கிழக்கே கடலும் சூழ்ந்த நிலத்துண்டு இது. புதுச்சேரியில் 1967 இல் வானொலி நிலையம் வந்தபின்னும் கடைமடையின் காது பெரும்பாலும் திருச்சி நிலையத்தையும், கடலுக்கு அப்பாலிருந்து வந்த இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையையும் சார்ந்தே இருந்தது.

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கிற்று. 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் முதல் உள்ளூர் வானொலி நிலையம் திறக்கப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் ஒரே குரல் என்பதிலிருந்து வட்டாரத்திற்கு ஒரு குரல் என்னும் கொள்கைமாற்றத்தின் அடையாளம் அது. 100.3 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் காரைக்கால் பண்பலையும் அம்மாற்றத்தின் வழி வந்ததே. நாகை, திருவாரூர், மயிலாடுதுறைப் பகுதிகளில் அதற்கு நேயர்கள் உண்டு. யாழ்ப்பாணக் கரையிலும் உண்டு.

இந்த இரண்டாவது செய்தி இயற்பியல் நோக்கில் கவனத்திற்குரியது. பண்பலைக்குரிய அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. நூறு மீட்டர் உயரக் கோபுரமும் பத்து மீட்டர் உயரத்தில் ஏற்பு ஆண்டெனாவும் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால் வானொலி அடிவானத்தின் தொலைவு சுமார் 54 கிலோமீட்டர். காங்கேசன்துறையோ காரைக்காலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கடல்மேல் வெப்பக் காற்றுப்படலம் குளிர்ந்த ஈரப்படலத்தின் மீது கவிந்து நிற்கும் வேளைகளில் அலைகள் கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் செல்கின்றன. எனவே அக்கரை நேயர் பெறுவது பெரும்பாலும் வலுக்குறைந்த, நாள்தோறும் மாறுகிற அலை. நிலையத்தில் ஒலியின் அளவு சிறிது பிறழ்ந்தாலும் முதலில் பாதிக்கப்படுபவர் அவரே.

தொலைபேசியிலிருந்து வந்த சட்டகம்

ஒலிபரப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் நிற்கும் ரேக் என்னும் இரும்புச் சட்டகம் வானொலிக்காகப் பிறந்ததன்று. அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் இணைப்புக் கருவிகளை அடுக்கிவைக்க 1920களில் நிலைபெற்ற வடிவம் அது. முகப்பின் அகலம் 19 அங்குலம். உயரத்தின் அடிப்படை அலகு 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். எந்த நாட்டில் எந்த நிறுவனம் செய்த கருவியாயினும் அதில் பொருந்தும். ஒலியளவுக்கு அடிப்படையான 600 ஓம் மின்தடையும் ஒரு மில்லிவாட் திறனும் தொலைபேசிக் கம்பிகளிலிருந்தே வந்தன. அந்த நிலையில் மின்னழுத்தம் 0.775 வோல்ட். வானொலிப் பொறியாளர் இன்றும் பூச்சிய டெசிபெல் என்று சொல்லும் இடம் அதுவே.

சட்டகத்தில் ஏறிய கருவிகளுள் முதன்மையானது மட்டுப்படுத்தி. லிமிட்டர் என்றே நிலையங்களில் வழங்கும். குறித்த எல்லைக்கு மேல் ஒலி எழும்போது அதனை அழுத்திப் பிடிப்பது இதன் பணி. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1937 இல் வெளியிட்ட 110ஏ இத்தகைய தொடக்ககாலக் கருவிகளுள் ஒன்று. தாழ்ந்த ஒலியை மெல்ல உயர்த்தி, உயர்ந்த ஒலியை மெல்லத் தாழ்த்தும் அமுக்கிகள் அதனுடன் சேர்ந்தன. 1975 இல் ராபர்ட் ஆர்பன் உருவாக்கிய ஆப்டிமாட்-எஃப்எம் 8000, அமுக்கியையும் மட்டுப்படுத்தியையும் இருதட ஒலியைப் பின்னும் பகுதியையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது. அதன்பின் ஒலிச்செயலி என்பது தனிக் கருவியாகவே பெயர்பெற்றது. இந்தியாவில் 1954 இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வானொலிக்கான ஒலிபரப்பிகளைச் செய்தது. அங்கே பொறியாளராகப் பணியாற்றிய எழுத்தாளர் சுஜாதா மின்னணுவியலைத் தமிழில் எளிமையாக எழுதியவர் என்பதை இங்கே நினைவுகூரலாம். கணிப்பொறியைப் பற்றி அவர் எழுதியவை பரவலாகப் படிக்கப்பட்டன. ஒலிபரப்புத் துறையின் சட்டகத்திற்குத் தமிழில் அப்படி ஓர் எழுத்தாளர் வாய்க்கவில்லை.

தவிலும் மீட்டரின் முள்ளும்

ஒலியளவைக் கண்ணுக்குக் காட்டும் வி.யூ. மீட்டர் 1939 இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகமும் சி.பி.எஸ்., என்.பி.சி. ஒலிபரப்பு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்தது. அதன் முள் ஓர் ஒலிக்கு முழுமையாக எதிர்வினை காட்ட 300 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். பேச்சின் அசையளவுக்கு இது போதுமானது. காது உணரும் உரப்பையும் இந்த முள் ஓரளவு ஒத்துக் காட்டுகிறது. அதனால்தான் உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் பி.பி.சி. வேறு வழியில் சென்று, கணநேர உச்சங்களைப் பிடிக்கும் உச்சமானியை 1930களில் உருவாக்கியது.

கடைமடையின் இசைக்கு இவ்வேறுபாடு சிறிய செய்தியன்று. தவிலின் வலந்தலையை விரல்களில் மாட்டிய கூடுகளாலும் தொப்பியைக் கழியாலும் அடிப்பர். கூடு மாட்டிய விரல் தோலில் படும் கணத்தில் எழும் உச்சம் சில மில்லிநொடிகளுக்குள் தோன்றி அடங்கிவிடுகிறது. வி.யூ. முள் அதற்குள் பாதித்தூரம்கூட எழுவதில்லை. முள் அமைதியாகப் பூச்சியத்திற்குக் கீழே ஆடிக்கொண்டிருக்க, உண்மையான உச்சம் அதற்கு மேலே பத்து டெசிபெலுக்கும் அதிகமாகச் சென்று வருவது இயல்பு. மீட்டரை மட்டும் நம்பி மங்கல இசையை ஒலிபரப்பும் பணியாளர், தாம் எல்லைக்குள் இருப்பதாகவே எண்ணுவார். வெளியே எல்லை மீறப்படுகிறது அல்லது மட்டுப்படுத்தி இடைவிடாது ஒலியை அமுக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டில் எது நிகழ்கிறது என்பதை முள் சொல்வதில்லை.

நாகசுரத்தின் சிக்கல் வேறு. திறந்த வெளியில், கோயிற் பிராகாரத்தில், தேரோடும் வீதியில் நெடுந்தொலைவு கேட்பதற்கென்றே அமைந்த கருவி அது. சீவாளியின் அதிர்விலிருந்து மேல்நிலை இசைச்சுரங்கள் செறிவாக எழுகின்றன. திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளையால் பெரும்புகழ் பெற்ற பாரி நாகசுரம் பழைய திமிரியைவிடச் சுருதி தாழ்ந்ததாயினும் அதன் ஒளிர்வு குறைந்ததன்று. பண்பலையில் இந்த ஒளிர்வு ஓர் இடையூறாக மாறுகிறது. காரணம் முன்மிகைப்பு என்னும் ஏற்பாடு. பண்பலையில் இரைச்சல் உயர் அதிர்வெண்களில் கூடுதலாக இருக்கும். எனவே நிலையத்தில் உயர் அதிர்வெண்களை முன்கூட்டியே மிகுவித்து அனுப்பி, வானொலிப்பெட்டியில் அதே அளவுக்குக் குறைத்துக்கொள்வர். குறைக்கும்போது இரைச்சலும் சேர்ந்து குறையும். இந்தியாவில் இதன் கால அளவு 50 மைக்ரோநொடி, அமெரிக்காவில் 75. ஐம்பது மைக்ரோநொடி அளவில் 5,000 ஹெர்ட்ஸில் சுமார் 5.4 டெசிபெல், 10,000 ஹெர்ட்ஸில் 10.4 டெசிபெல், 15,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் மிகுவிப்பு ஏற்படுகிறது.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கின் காலத்து ஒலிபரப்பில் இந்த ஏற்பாடு தீங்கற்றதாகவே தோன்றியது. பேச்சிலும் நரம்பிசையிலும் உயர் அதிர்வெண் ஆற்றல் இயல்பாகவே குறைவு என்பதே அதன் அடிப்படைக் கருத்து. நாகசுரமும் தாளக்கருவியும் அந்தக் கருத்துக்குக் கட்டுப்படுவதில்லை. ஜாலராவின் ஒவ்வோர் ஒலியும் முன்மிகைப்புக்குப் பின் பன்மடங்காகி மட்டுப்படுத்தியை இயக்குகிறது. தாளம் தட்டப்படும்தோறும் நாகசுரம் ஒருகணம் உள்ளே வாங்கப்பட்டு மீள்கிறது. பேச்சிலும் இதன் நிழல் உண்டு. ஊதொலிகளான ஸகர ஷகரங்கள் உயர் அதிர்வெண் மிகுந்தவை. தமிழ்நாட்டில் நெடுங்காலம் எதிர்க்கப்பட்ட ஆகாஷ்வாணி என்னும் பெயரில் அத்தகைய ஒலி உண்டு. வானொலி என்னும் சொல்லில் இல்லை. எதிர்த்தவர்களுக்கு மொழிசார்ந்த காரணங்கள் இருந்தன. மட்டுப்படுத்தியின் வாக்கும் அவர்கள் பக்கமே விழுந்திருக்கும்.

இவ்விடத்தில்தான் சோதனை என்பது இசைமுடிவாகிறது. அமுக்கியில் நான்கு அளவுகளைத் தீர்மானிக்க வேண்டும்: எந்த மட்டத்திற்கு மேல் அமுக்குவது, எவ்விகிதத்தில், எத்துணை விரைவாகப் பிடிப்பது, எத்துணை மெதுவாக விடுவது. விடுகாலம் மிகக் குறுகினால் தவிலின் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் ஒத்தின் ஒலி பொங்கி எழும். அடுத்த அடி விழுந்ததும் அமிழும். சீராக நிற்க வேண்டிய சுருதி மூச்சு வாங்குவதுபோல் கேட்கும். விடுகாலம் மிக நீண்டால் தனி ஆவர்த்தனத்தின் உச்சத்திற்குப் பின் வரும் மெல்லிய ஆலாபனை பல நொடிகள் அடங்கியே ஒலிக்கும். ஒத்தின் நிலைத்த ஒலி, அந்த வகையில், எந்தச் சோதனைக் கருவியாலும் எளிதில் தர இயலாத அளவுகோல். 1,000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைச் செலுத்தினால் அமுக்கி குறையேதும் இல்லாமல் நடந்துகொள்ளும். திருநள்ளாற்றிலோ மாங்கனித் திருவிழாவிலோ பதிவான மேளத்தைச் செலுத்தினால் மறுநிமிடமே அதன் குணம் வெளிப்படும்.

பழுது காணும் முறை

ஒலிச்செயலியைச் சோதிப்பதற்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட வரிசை ஒன்று உண்டு. அறிந்த அளவுள்ள சோதனை ஒலியை உள்ளீட்டில் தந்து, வெளியீட்டில் அளப்பது முதல்படி. 30 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் ஏற்பு சமமாக உள்ளதா, ஒலித்திரிபு எவ்வளவு, ஒலியற்ற நேரத்தில் இரைச்சல் எவ்வளவு என்பவை அடுத்து வரும். ஒலிபரப்பியில் அலைவிலக்கம் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாமல் இருக்கிறதா என அறியும் முறை அழகானது. குறிப்பிட்ட அதிர்வெண்ணுள்ள ஒலியைச் செலுத்தி மெல்ல உயர்த்திக்கொண்டே போனால் ஊர்தியலை முழுவதும் மறையும் புள்ளிகள் வரும். 13.59 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கொண்டு சோதித்தால் இரண்டாம் முறை ஊர்தியலை மறையும் இடமே சரியாக 75 கிலோஹெர்ட்ஸ். பெஸ்ஸல் என்னும் ஜெர்மானிய வானியலாளரின் கணிதச் சார்புகளிலிருந்து வரும் இந்த எண்ணுக்கு எந்த மீட்டரின் துல்லியமும் தேவையில்லை. மறைவைக் கண்டால் போதும்.

ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கையில் பழுது நேரும்போது இவ்வளவுக்கு அவகாசம் இராது. ஒலிவாங்கியிலிருந்து ஒலிபரப்பி வரை பதினாறு இடங்களில் ஒலியைத் தட்டிக் கேட்கலாம் என வைத்துக்கொண்டால், முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடுபவர் பதினைந்து இடங்களைக் கடக்க நேரலாம். நடுவிடத்தில் ஒலி நன்றாக இருக்கிறதா எனக் கேட்டு, பழுதுள்ள பாதியை மட்டும் எடுத்து, அதனையும் இரண்டாகப் பிரித்துச் செல்பவருக்கு நான்கு சோதனைகள் போதும். சட்டகத்தில் ஜாக் வரிசைகள் வைக்கப்பட்டிருப்பது இதற்காகவே. பேட்ச் கார்டு எனப்படும் இணைப்புக்கயிறு ஒன்றைக் கொண்டு எந்தக் கருவியையும் தாண்டி ஒலியைக் கடத்திவிடலாம். இடத்தடமும் வலத்தடமும் தனித்தனியாகச் செல்லும் அமைப்பில் இன்னொரு வழியும் உண்டு. பழுது ஒரு தடத்தில் இருந்தால், ஓரிடத்தில் இரண்டையும் மாற்றிச் செருக வேண்டும். பழுதும் தடம் மாறினால் அது அவ்விடத்திற்கு முன்னே இருக்கிறது, மாறாவிட்டால் பின்னே.

காதுகொண்டு இனங்காணும் பழுதுகளுக்கும் இலக்கணம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் நிலத்தொடுப்பிலோ கம்பியின் காப்புறையிலோ குறை. சற்றுக் கரகரப்பான 100 ஹெர்ட்ஸ் ஒலியானால் மின்வழங்கியில் மின்தேக்கி உலர்ந்திருக்கும். ஒலி திடீரென ஆறு டெசிபெல் உயர்ந்தால் 600 ஓம் முடிவுத்தடை கழன்றிருக்கலாம். சுமார் மூன்றரை டெசிபெல் குறைந்தால் ஒரே கம்பிக்கு இரண்டு முடிவுத்தடைகள் சேர்ந்திருக்கலாம். இணைக்கம்பிகளில் ஒன்று அறுந்தால் ஒலி முற்றிலும் நிற்காமல், அடித்தளம் இழந்து மெலிந்து கேட்கும். தில்லியிலிருந்தோ பிற நிலையங்களிலிருந்தோ அஞ்சல் செய்யும் நிகழ்ச்சி தொடங்கும்போது மட்டும் உரப்பு மாறினால் கருவியில் பழுதில்லை. வந்துசேரும் ஒலியின் மட்டம் உள்ளூர் மட்டத்துடன் பொருத்தப்படவில்லை என்பதே பொருள். முன்மிகைப்பின் தெரிவு 50க்கு மாறாக 75 மைக்ரோநொடியில் இருந்துவிட்டால் ஒலி கீச்சென்று கேட்கும். மட்டுப்படுத்தி ஓயாமல் வேலைசெய்யும். அமெரிக்க நிறுவனங்கள் செய்த செயலிகளில் இரண்டு அளவுகளுக்கும் தெரிவு உண்டு என்பதால், கருவியில் எக்குறையும் இல்லாமலே நேரக்கூடிய பழுது இது.

மிக வஞ்சகமானது முனைமாற்றம். இருதட ஒலிபரப்பில் ஒரு தடத்தின் இரு கம்பிகள் இடம்மாறி இணைக்கப்பட்டுவிட்டால் நிலையத்தின் இரு ஒலிபெருக்கிகளிலும் ஒலி வரும். சற்று விரிந்து, மையமற்றதாகத் தோன்றலாம், அவ்வளவே. வெளியே ஒருதட வானொலிப்பெட்டியில் இரு தடங்களும் கூட்டப்படுகின்றன. நடுவில் நிற்கும் குரல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைகிறது. பக்கவாத்தியத்தின் எச்சமும் எதிரொலியும் மட்டும் மிஞ்சுகின்றன. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவருக்குச் செய்தி வாசிப்பவர் தெளிவாகக் கேட்க, வயல் வரப்பில் சிறிய பெட்டி வைத்திருப்பவருக்கு வாசிப்பவரே இல்லை. அக்கரை நேயரின் நிலையும் இதுவே. வலுக்குறைந்த அலையில் இருதட ஏற்பின் இரைச்சல் ஒருதட ஏற்பைவிட இருபது டெசிபெலுக்கும் மேல் கூடுவதால், பல பெட்டிகள் தாமாகவே ஒருதடத்திற்கு மாறிவிடுகின்றன. கண்காணிப்பு ஒலிபெருக்கியில் ஒருதடப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது ஒருநொடி வேலை. அந்த ஒருநொடியே கேட்போரின் பக்கத்திலிருந்து ஒலியைக் கேட்கும் ஒரே வாய்ப்பு.

உப்புக்காற்று

கடற்கரையில் கருவிகள் முதுமையடையும் விதம் வேறு. ஈரமும் உப்பும் கலந்த காற்று ஜாக்குகளின் தொடுமுனைகளையும் ரிலேக்களையும் கறுக்கச் செய்கிறது. கறுத்த தொடுமுனை முழுமையாக அறுபடுவதில்லை. தாழ்ந்த ஒலியில் துண்டித்து, உரத்த ஒலியில் தானே இணைந்துகொள்ளும். எனவே பேச்சில் குறை தெரியும், சோதனை ஒலியில் தெரியாது. கருவியைத் தட்டினால் சரியாகிவிடும், மறுநாள் திரும்பும். இத்தகைய இடைவிட்ட பழுதுக்குச் சூத்திரம் இல்லை. நேரம், வெப்பம், மழை, எந்த நிகழ்ச்சியின்போது நேர்ந்தது என்பவற்றைக் குறித்துவைக்கும் பதிவேடே மருந்து. குளிர்சாதனம் நின்ற பிற்பகலில் தொடங்கும் பழுதும் ஐப்பசி மழைக்குப்பின் தொடங்கும் பழுதும் வெவ்வேறு காரணமுடையவை.

புயற்காலம் இன்னொரு முன்னுரிமையைக் கற்பிக்கிறது. 1977 நவம்பர் 12 இல் நாகையைத் தாக்கிய புயல், 2008 நவம்பர் 27 இல் காரைக்காலுக்கு வடக்கே கரைகடந்த நிஷா, 2018 நவம்பர் 16 இல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரைகடந்த கஜா எனக் கடைமடையின் நினைவு புயல்களால் ஆனது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன இரவில் மின்கலத்தில் இயங்கும் பெட்டியே எஞ்சும். அப்போது செயலி பழுதானால் அதனைத் திறந்து பார்ப்பது முறையன்று. இணைப்புக்கயிற்றால் அதைத் தாண்டி, மட்டுப்படுத்த ஆளில்லாததால் ஒலியைச் சில டெசிபெல் குறைத்து, நேராக ஒலிபரப்பிக்கு அனுப்புவதே முறை. குரல் சற்று மெலிந்து போகும். ஆனால் கடலுக்குச் செல்லவேண்டாம் என்னும் எச்சரிக்கை போய்ச் சேரும். செயலியில்லாத ஒலி எந்த மட்டத்தில் பாதுகாப்பானது என்பதை நல்ல நாளிலேயே சோதித்துக் குறித்துவைத்த நிலையத்திற்கு மட்டுமே இது இயலும்.

தண்ணுமையாசிரியனின் பணி

காரைக்காலுக்கு வடக்கே அதே கரையில் தரங்கம்பாடியைத் தாண்டிப் பூம்புகார் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், யாழாசிரியன் ஆகியோருடன் தண்ணுமையாசிரியனின் இலக்கணத்தையும் கூறுகிறது. பிற கருவிகளின் இசையில் குறைவு நேருமிடத்தில் அதனை நிரப்பவும், மிகுதி நேருமிடத்தில் அடக்கவும், அவ்வாறு செய்கையில் தன் கைத்திறன் அளவு கடந்து தோன்றாமல் காக்கவும் வல்லவனாக அவன் இருத்தல் வேண்டும். அமுக்கியும் மட்டுப்படுத்தியும் இளங்கோவடிகளுக்குத் தெரிந்திருந்தன என்று இதனைக்கொண்டு வாதிடுவது நகைப்புக்கிடமாகும். தமிழாய்வில் அத்தகைய வாதங்களுக்குப் பஞ்சமில்லை. இங்கே கருதத்தக்கது மூன்றாவது நிபந்தனை. நிரப்பலும் அடக்கலும் நிகழ்ந்ததே தெரியாதிருக்க வேண்டும் என்பது ஒலிச்செயலாக்கத்தின் மிகக் கடினமான கட்டளை. 2001 இல் பெங்களூரில் தனியார் பண்பலை தொடங்கியபின் இந்திய நகரங்களில் நிலையங்கள் ஒன்றையொன்று விஞ்சி உரத்து ஒலிக்க முற்பட்டபோது முதலில் கைவிடப்பட்டதும் அதுவே. உரப்பு கூடக்கூட ஏற்ற இறக்கம் சுருங்குகிறது. தவிலின் அடிக்கும் ஒத்தின் நீட்சிக்கும் உள்ள தொலைவு குறைகிறது. கேட்பவர் தவறேதும் கண்டுபிடிக்க இயலாது. சற்று நேரத்தில் களைப்படைந்து பெட்டியை நிறுத்திவிடுகிறார்.

காரைக்காலம்மையாரின் மூத்த திருப்பதிகம் தாளம், வீணை, மத்தளம், கரடிகை, குடமுழா எனக் கருவிகளின் பெயர்களை அடுக்கிச் சொல்வதால், அக்காலத்து ஒலியுலகின் பட்டியலாவது இன்று கிடைக்கிறது. அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் உரை இருப்பதால் தண்ணுமையாசிரியனின் பணி இன்னதென்று விளங்குகிறது. ஒலிபரப்பு நிலையங்களின் சட்டகங்களுக்கு இவ்விரண்டும் இல்லை. அளவீட்டுக் குறிப்புகளும் பழுதுப் பதிவேடுகளும் ஆங்கிலத்தில், நாள், நேரம், குறை, தீர்வு என்னும் கட்டங்களுக்குள் எழுதப்படுபவை. நிகழ்ச்சி ஒலிநாடாக்களுக்குக் காப்பக மதிப்பு உண்டு. இத்தாள்களுக்கு அம்மதிப்பு தரப்படுவதில்லை. குமிழ்கள் கொண்ட பழைய செயலிகளின் இடத்தை மென்பொருள் செயலிகள் பிடித்துவரும் இக்காலத்தில், கருவி அகற்றப்படும்போது குமிழ்களின் நிலைகளும் அதனுடனே போய்விடுகின்றன. மங்கல இசைக்கு இவ்வளவு விடுகாலம் என்று யாரோ ஒருவர் காதால் தேர்ந்து நிறுத்திய புள்ளி, கருவியின் முகப்பில் பென்சிலால் இட்ட ஒரு கோடாக மட்டுமே இருந்திருக்கும். வானொலி நிலையங்களின் பழம்பொருட் பட்டியல் தயாரிக்கப்படும் இடங்களில், கருவியின் பெயரையும் எண்ணையும் குறிப்பதோடு அதன் முகப்பையும் ஒரு படம் எடுத்துவைப்பது கடினமானதன்று.